காய்கிற வரை

மூன்றாம் அத்தியாயத்தில்
சேந்திக்கு ஒரு காசு கிடைத்தது.
குடமுருட்டி வண்டலில்
ஆட்டுக் குளம்பு பறித்த பள்ளத்தில்
புலி தேய்ந்து பூனையாகிவிட்ட காசு.
அடுத்த வரியை யோசிக்காமல் எழுதினேன்:
"சட்டெனப் பையில் போட்டுக்கொண்டாள்."

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சிறுமி.
எந்தப் பையில்?

படம் வரையும் கும்பகோணத்துத் தம்பி
அதற்குள் பாவாடைக்குப் பாக்கெட்டே வைத்து
வாட்சப்பில் அனுப்பியிருந்தான்,
அழகாக, ஓரத்தில் தையல் போட்டு.

பையை அடித்தேன். காசு கைக்கு வந்தது.
மூன்று நாள் மூடிய கையோடு திரிந்தாள்.
ஆடு விரட்டவும் அந்தக் கை,
கூழ் குடிக்கவும் அந்தக் கை.
ஐயம்பேட்டைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில்
வில்லங்கச் சான்றுகளுக்கு நான் முத்திரை குத்தும்போது
மேசைக்கு எதிரே வந்து நின்றாள்,
விரல் மரத்துப்போய்.

அன்றுதான் அந்த ஆவண எழுத்தர்
ஜிப் வைத்த தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
யாரிடமோ சத்தம் போட்டார்:
"மடியில கனமில்ல, எனக்கென்ன வழியில பயம்?"

மடி!
முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டேன்.

எத்தனை நாளாகச் சொல்கிறோம் இதை.
ஜீன்ஸ் போட்டுக்கொண்டு
வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிறோம்.
உடம்பு எப்போதோ துணி மாற்றிவிட்டது,
நாக்கு இன்னும் மாற்றவில்லை.
சேந்தி காசை இடுப்பு மடிப்பில் செருகினாள்.
நான்காம் அத்தியாயம் நகர்ந்தது.

மிளகாயை எடுத்துவிட்டு மிளகு போட்டேன்.
உருளைக்கிழங்கை யாரும் பார்க்குமுன் புதைத்தேன்.
புள்ளமங்கைக்குப் போய்
சாண் உயரக் கல்பெண்களின் கொசுவத்தை
டார்ச் அடித்து எண்ணினேன்.
கல்வெட்டுகளில் விளக்கெரிக்க விட்ட ஆடுகள் இருந்தன:
சாவா மூவாப் பேராடு தொண்ணூறு.
ஆட்டுக்குச் சாவில்லை, மூப்பில்லை.
ஓட்டிப் போனவள்
எத்தனை முழம் உடுத்தினாள் என்று
கல்லில் எங்கும் இல்லை.
என் பதிவேட்டிலும்தான்
நான்கெல்லை இருக்கும்,
நாற்று நட்டவர் இருக்கமாட்டார்.

ஐந்து அத்தியாயம் முடிந்ததும்
அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டினேன்.
பையன்கள் துண்டை இடுப்பில் சுற்றி
சாக்பீஸைச் செருகிப் பார்த்தார்கள்.
நடந்தால் நின்றது, குதித்தால் விழுந்தது.
பாடம் நடந்துவிட்டதென்று மகிழ்ந்து
புத்தகத்தை மூடப்போனேன்.

கடைசி பெஞ்சில் அபிநிஷா எழுந்தாள்.
"அவளுக்கு ஒரே துணின்னு படிச்சீங்க மிஸ்.
இப்ப ஆத்துல தொவச்சிட்டாளே,
காயிற வரைக்கும் எதக் கட்டியிருந்தா?"

"காத்துல சீக்கிரம் காஞ்சிடும்மா."

"ஐப்பசியிலயா?"

என் அத்தியாயத்தின் முதல் வரியே ஐப்பசி மழைதான்.

"முழுசா நனைக்கக் கூடாது மிஸ்," என்றாள்,
கணக்குக்கு விடை சொல்கிற குரலில்.
"பாதிய உடுத்திக்கிட்டு
பாதிய அலசிப் புடிச்சிக்கிட்டு நிக்கணும்.
அது காஞ்சதும் அதச் சுத்திக்கிட்டு
மத்த பாதி.
ஒரு நாளு போயிரும்."

யாரும் சிரிக்கவில்லை.
அவள் உட்கார்ந்தாள்.
அவள் சீருடையின் காலரும் கைமடிப்பும் மட்டும்
மற்ற இடங்களைவிட ஒரு நிறம் கூடுதலாக இருந்தன.
நான் அதைப் பார்த்தது அவளுக்குத் தெரியக்கூடாதென்று
ஜன்னலைப் பார்த்தேன்.
வெளியே தூறல்.

அன்றிரவு திருத்தி எழுதினேன்.
சேந்தி துணியின் ஒரு முனையை நாணலில் கட்டி
மறுமுனைக்குள் நின்றாள்.
ஆடுகள் தாமாக மேய்ந்தன.
காசு வாயில், கன்னத்தோடு ஒதுங்கி இருந்தது,
மடி ஈரமாக இருந்ததால்.

சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் சிவப்பில் எழுதியிருக்கிறார்:
இந்த இரண்டு பக்கத்தில் எதுவும் நடக்கவில்லை.
கதை நின்றுவிடுகிறது. நீக்கலாமா?

பதில் அனுப்பினேன்:
கொஞ்சம் பொறுங்கள்.
இன்னும் ஒரு முனை காயவில்லை.